ஐந்தாவது கம்பி

அத்தியாயம் 11

வெள்ளிக்கிழமை விடியும்போதே தீவின் கடலோர ஊரான வைமானாலோவில், கஹலேவாய் வீட்டு முற்றத்தில் மண்வெட்டிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. பன்றியைப் புதைத்துச் சுடப் பங்காளிகள் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் கண்ணீர் விருந்து. சாலமன் கஹலேவாய் செத்துப்போய் ஒரு வருஷம் முடிகிறது. இனி அழ வேண்டாம் என்று, கூட அழுதவர்களையெல்லாம் கூப்பிட்டு வயிறு நிறையச் சோறு போடும் நாள் அது.

சோற்றுக்கு அப்புறம் பாட்டு. கடைசிப் பாட்டாக, சாலமன் தன் பெண்டாட்டி ஹௌனானிக்கென்று கட்டிய மெட்டு. அதை யார் வாசிப்பது என்பதில்தான் அந்த வீடு ஒரு வாரமாகப் புகைந்துகொண்டிருந்தது.

போன வாரம் கிடார் பெட்டியைத் திறந்தவர்கள் வாயடைத்து நின்றதைப் பார்த்தோம். மடியில் மல்லாக்கப் போட்டு, மேலே இரும்புத் துண்டை ஓட்டி வாசிக்கிற அந்தக் கிடாரில் ஒரு கம்பிகூட இல்லை. சாகக் கிடந்தபோது சாலமன் கேட்டுக்கொண்டபடி, ஹௌனானிதான் குறடால் ஆறையும் வெட்டிக் கடலில் போட்டிருந்தாள்.

மனுஷன் அப்படி. அவருடைய சுதி, அதாவது எந்தக் கம்பியை எந்தச் சுரத்துக்கு முறுக்குவது என்பது, அவர் வீட்டுக்கு மட்டும்தான். விருந்தில் வாசித்து முடித்ததும் எல்லாக் கம்பியையும் தளர்த்திவிட்டுத்தான் பீருக்குக் கை நீட்டுவார். எழுந்து போகும்போது கிடார் மேல் துண்டைப் போட்டு மூடுவார். கம்பி எவ்வளவு தடிமன் என்று தெரிந்தாலே, அது எந்தச் சுரத்துக்குத் தாங்கும் என்று கணக்குப் போட்டுவிடுகிற ஆட்கள் அந்தக் கரையில் வீட்டுக்கு வீடு இருந்தார்கள்.

"நாளைக்கு உன் தம்பி கைபோதான் வாசிப்பான்" என்றாள் ஹௌனானி. சேம்பிலைக்குள் கறித்துண்டை வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவன் இரும்பைக் கையில பிடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு? லாஸ் வேகஸ்ல சூதாட்ட விடுதிச் சமையக்கட்டுல முட்டை பொரிச்சிட்டு இருக்கான்" என்றாள் மோமிலானி.

"அவனுக்குத்தான் சுதி தெரியும்."

"எனக்கு மத்ததெல்லாம் தெரியும்மா."

"மத்ததெல்லாம் தெருவுல போறவனுக்கும் தெரியும். நீ அந்த இலையெல்லாம் கழுவு."

மோமிலானி இலையைக் கழுவினாள். நாற்பத்தைந்து வயதில், பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளை அதட்டிச் சாப்பிட வைக்கிறவள், அம்மா முன்னால் நின்றால் வாய் ஒட்டிக்கொள்கிறது.

அவள் செய்த குற்றம் பலகிகோ வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டது. அவர்களும் வாசிக்கிற குடும்பம், வைகிக்கி ஓட்டல்களில் பேர் எடுத்தவர்கள், சாலமனுக்கு ஆகாதவர்கள். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, பதினாலு வயதுக் கைபோவை லாரிக்குள் ஏற்றி, அந்த வெயிலில் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, ஒரு மத்தியானம் முழுக்கச் சுதியைச் சொல்லிக் கொடுத்தார் சாலமன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மோமிலானி அதைப் பார்த்தாள். பார்க்கட்டும் என்றுதான் அங்கே லாரியை நிறுத்தியிருந்தார்.

அந்தக் கல்யாணம் எட்டு வருஷத்தில் முறிந்துபோனது. ஆனாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அவள் இன்னும் பலகிகோ குழுவில்தான் வாசிக்கிறாள், எல்லோரும் வைக்கிற ஊர்ச் சுதியில். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து வாசி என்று சொன்னவர்கள் அவர்கள் மட்டும்தான்.

கைபோ கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். "அக்கா, கைலுவால கம்பி வாங்கணும். கூட்டிட்டுப் போறியா?"

கடை வாசலில் வண்டி நின்றதும் அவன் தயங்கினான்.

"நீ வெளியில நில்லுக்கா."

"என்னது?"

"கம்பி எடுக்கும்போது நீ பார்க்கக்கூடாதுல்ல. அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அடப்பாவி, வண்டி ஓட்ட நான் வேணும். உள்ளே வரத்தான் ஆகாதா?"

"கோவிச்சுக்காதக்கா" என்று சிரித்தபடி உள்ளே போனான். அவனிடம் கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. என்ன சுதிக்குக் கம்பி வேண்டும் என்று கேட்டார் கடைக்காரர். அதெல்லாம் சொல்ல முடியாது, வீட்டு விஷயம் என்றான் கைபோ. சுதியைச் சொல்லாமல் கம்பி எடுக்க முடியாது என்றார் அவர். சின்ன வாக்குவாதம் நடந்தது. முடிவில் கட்டிவைத்த செட்டில் இரண்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"கட்டின செட்டு ஊர்ச் சுதிக்குத்தான்டா. அப்பா சுதிக்குச் சரிப்படாது" என்றாள் மோமிலானி.

"உனக்கு அப்பா சுதி தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ எப்படிச் சொல்ற?"

அவள் வண்டியைக் கிளப்பினாள்.

வீட்டில் கைபோ படுக்கையறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டான். முற்றத்தில் குழி வெட்டுகிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். முதல் வரி வந்தது. சாலமனின் வரி மாதிரி இருந்தது, ஆனால் அதில் உயிர் இல்லை. அவர் வாசிக்கும்போது கனத்த சத்தங்களுக்கு நடுவே திடீரென்று ஒரு மெல்லிய சத்தம் துள்ளி எழும், பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே ஒரு குழந்தை சிரித்துவிட்ட மாதிரி. அது வரவே இல்லை.

"அந்தச் சத்தம் மேலே போகணும்டா!" என்று சமையலறையிலிருந்து கத்தினாள் ஹௌனானி.

உள்ளே முறுக்காணி கிரீச்சிட்டது. மறுபடியும். இன்னொரு தடவை.

படாரென்று ஒரு சத்தம். கைபோ கையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தான். அறுந்த கம்பி உள்ளங்கையைக் கிழித்திருந்தது.

"லாஸ் வேகஸ் சமையல்காரருக்குக் கம்பியும் வெங்காயமும் ஒண்ணுதான் போல" என்றான் குழிக்குள் நின்ற ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். ஹௌனானி சிரிக்கவில்லை. மகன் கையில் துணியைச் சுற்றிக் கட்டினாள், பிறகு தன் செருப்பைத் தேடினாள்.

"மோமி. வண்டியை எடு."

சாலமன் காலத்தில் கம்பி வாங்கப் போகிறவள் ஹௌனானிதான். ஆறும் ஒரே கடையில் வாங்கக்கூடாது என்பது அவர் கட்டளை. கைலுவாவில் இரண்டு, கனியோஹேயில் இரண்டு, மலைக்கு அந்தப் பக்கம் கலிஹியில் இரண்டு. எந்தக் கடைக்காரனுக்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தெரிந்துவிடக்கூடாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படித்தான் அலைந்தாள். மற்ற பெண்கள் கணவனுக்கு மாத்திரை வாங்க அலைவதில்லையா, அந்த மாதிரி எடுத்துக்கொண்டாள்.

கைலுவாக் கடையில் ஏழு படி. போன மாதம்தான் ஹௌனானிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. முதல் படியில் காலை வைத்தாள், முகம் வெளுத்தது. கடையில் இருந்தது ஒரே ஆள், கல்லாவை விட்டு இறங்கி வர மாட்டேன் என்று கையை ஆட்டினார்.

ஹௌனானி வண்டிக்குள் திரும்ப உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் எதிரே இருந்த தேங்காய்க் கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, காதுத் தோட்டைக் கழற்றி அடகுக்குக் கொடுக்கிறவள் மாதிரி முனகினாள்.

"முப்பத்தெட்டு ஒண்ணு. இருபது ஒண்ணு."

மோமிலானி இறங்கிப் படியேறினாள். ஏறும்போதே மனசுக்குள் கணக்குப் போட்டாள். கம்பியின் தடிமனைத்தான் அப்படி எண்ணால் சொல்வார்கள்; முப்பத்தெட்டு என்றால் ஆறாவது கம்பி, இருப்பதிலேயே தடியானது. இருபது மூன்றாவது. இதுவரை ஊர்ச் சுதிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கனியோஹேயில், "இருபத்தாறு ஒண்ணு. பதினேழு ஒண்ணு" என்றாள் அம்மா.

அவை நாலாவதும் இரண்டாவதும். ஆக மிச்சம் இருப்பது முதல் கம்பியும் ஐந்தாவது கம்பியும். முதலாவது பதினாலோ பதினைந்தோ இருக்கும். ஐந்தாவது, முப்பத்தெட்டுக்கும் இருபத்தாறுக்கும் நடுவில், முப்பதோ முப்பத்திரண்டோ. இதில் என்ன ரகசியம் இருக்கிறது? சுரங்கப் பாதைக்குள் வண்டி ஓடும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதற்காகவா இத்தனை வருஷம்?

கலிஹிக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினாள்.

"பதினாலு" என்றாள் ஹௌனானி. "ரெண்டு."

"முப்பதுல ஒண்ணு வேணாமா?"

"சொன்னதை வாங்கிட்டு வா."

"அம்மா, ஐந்தாவதுக்கு..."

"பதினாலு ரெண்டுன்னேன். காது கேக்கலையா உனக்கு?"

கடைக்காரப் பையன் இரண்டு சின்ன உறையை எடுத்துக் கல்லா மேல் வைத்தான். மோமிலானி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் புரிந்தது. தடிக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில், இருப்பதிலேயே மெல்லிய கம்பி. இரண்டு தடியன்களுக்கு நடுவே ஒன்று. கிடார் மடியில் மல்லாக்கக் கிடப்பதால் அது வாசிக்கிறவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். எதிரே உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

இருபத்து மூன்று வருஷமாக அந்தச் சத்தத்தைக் கையின் வித்தை என்று நினைத்திருந்தாள். தன் சொந்தக் கிடாரின் தடிக் கம்பியில் அதை வரவழைக்க, கட்டைவிரல் தோல் உரிய உரியப் பழகியிருக்கிறாள். வரவில்லை. தனக்குக் கை போதாது என்று முடிவு கட்டி, ஓட்டல் கழிப்பறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். தோல் உரிந்த விரலை அப்பா ஒருமுறை பார்த்தார். "பழகு, பழகு" என்றார்.

கல்லா முன்னால் நின்றபடி அவள் அப்பாவை முதல்முறையாக வெறுத்தாள். மனதார வெறுத்தாள்.

திரும்பும் வழியில், மலை இறங்கும்போது ஹௌனானி கேட்டாள்.

"உனக்குப் புரிஞ்சிடுச்சு, இல்ல?"

"புரிஞ்சிடுச்சு."

"மறந்துடு."

சாயங்காலம் கைபோ உறைகளைப் பிரித்து ஜன்னல் ஓரத்தில் பரப்பினான். இந்த முறை கதவைச் சாத்தவில்லை. கைக்கட்டோடு முறுக்க முடியவில்லை, காற்றும் வேண்டியிருந்தது. மோமிலானி தாழ்வாரத்தில், குழிக்குள் பரப்ப வாழைத்தண்டைக் கிழித்துக்கொண்டு, அவனைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவதை மாட்டினான். அடுத்ததைத் தேடினான். ஒரே அளவில் இரண்டு இருப்பதைப் பார்த்துச் சிரித்தான்.

"அம்மா எப்பவும் உஷாருதான். மெல்லிசுதான் சீக்கிரம் அறும்னு ஸ்பேர் வாங்கியிருக்காங்க."

ஒன்றை முதல் கம்பியாக மாட்டினான். இன்னொன்றை ஜன்னல் ஓரத்திலேயே ஒதுக்கிவைத்தான். ஐந்தாவது இடத்துக்கு, காலையில் வாங்கிய இரண்டாவது செட்டிலிருந்து ஒரு தடிக் கம்பியை எடுத்து மாட்டினான். லாரிக்குள் அன்று கேட்ட சுரங்களின் பேர் அவனுக்கு நினைவிருந்தது. அதே பேரில் மேலே ஒன்று, கீழே ஒன்று உண்டு என்பதும், எந்தக் கம்பி என்ன தடிமன் என்பதும் நினைவில்லை. கம்பி மாட்டுவது எப்போதும் அப்பாதான். பாவம், அவன் கற்றுக்கொண்டது ஒரே ஒரு மத்தியானம்.

வாசித்தான். கனமாக, சரியாக, ஊரில் யாரும் வாசிக்கிற மாதிரி வாசித்தான். துள்ளல் இல்லை. அந்தச் சிரிப்பு வர வேண்டிய இடத்தில் யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

முற்றத்தில் கை தட்டினார்கள். "சாலமன் அங்கிளே வந்து உக்காந்துட்டாரு!" என்றது ஒரு குரல். காலையில் கேலி செய்த அதே ஆள்.

ஹௌனானி சமையலறை வாசலில் நின்றாள். கண் நிறைந்திருந்தது. "உங்கப்பா மாதிரியே இருக்குடா" என்றாள்.

மோமிலானி கையிலிருந்த வாழைத்தண்டைக் கீழே போட்டாள். அம்மாவின் தோளைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்து, குழாயைத் திறந்துவிட்டாள், வெளியே கேட்கக்கூடாதென்று.

"அம்மா, ஜன்னல்ல இருக்கிறது ஸ்பேர் இல்ல."

"தெரியும்."

"தெரியுமா?"

"நாப்பத்தஞ்சு வருஷமா வாங்கினவ நான். தெரியாம இருக்குமா?"

"அப்போ அவன்கிட்ட சொல்லேன்! ஒரு நிமிஷ வேலை. ஒரு கம்பியை மாத்தினா முடிஞ்சது."

"சொன்னா, தனக்குத் தெரியாதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும். அவன் அப்பன் அவனுக்குன்னு விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கச் சொல்றியா?"

"அது உன் பாட்டும்மா. உனக்குன்னு அவர் கட்டினது. அதைத் தப்பா கேட்டுக்கிட்டு உன்னால எப்படி நிக்க முடியுது?"

ஒரு வினாடி, ஹௌனானியின் பதில் வேறு மாதிரி வரும்போல் இருந்தது.

"அவன் கையில தப்பா இருந்தாலும் நம்ம வீட்டுல இருக்கும்" என்றாள். "உன் கையில சரியா இருந்தா பலகிகோ வீட்டுக்குப் போயிடும்."

"எனக்கு அந்தக் கல்யாணம் முறிஞ்சே பதினஞ்சு வருஷம் ஆச்சு."

"வெள்ளிக்கிழமை ஆனா எங்க போற?"

"என்னை வாசிக்கச் சொல்ற இடத்துக்குப் போறேன்!"

குழாய்த் தண்ணீர் தொட்டி நிரம்பி வழிந்தது. ஹௌனானி அதை அடைத்தாள். ஈரக்கையை முந்தானை இல்லாத அந்த நீள அங்கியிலேயே துடைத்துக்கொண்டு, வெளியே இருக்கிறவர்களுக்குக் கேட்கும் குரலில் சொன்னாள்.

"நாளைக்கு முன்னாடி உக்காந்து உன் தம்பிக்குக் கை தட்டு, மோமி. அக்கான்னா அப்படித்தான் இருக்கணும்."

மோமிலானி தன் கிடாரை வண்டியின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். குழியருகே நின்றவர்கள், வெள்ளிக்கிழமைதானே, வேலைக்குப் போகிறாள் என்று கை அசைத்தார்கள். கைபோ தாழ்வாரத்தில் நின்று, "சீக்கிரம் வந்துடுக்கா, நாளைக்கு வெள்ளென எழுந்திருக்கணும்" என்று கூவினான்.

மலை தாண்டியதும் வண்டி நேராக வைகிக்கிக்குப் போகவில்லை. கலிஹியில் நின்றது.

மத்தியானம் பார்த்த அதே பையன்தான் கல்லாவில் இருந்தான். பள்ளிக்கூடச் சீருடையில் இரண்டு பெண்களும், தொப்பி போட்ட ஒரு கிழவரும் உகுலேலே என்கிற குட்டிக் கிடார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முப்பத்தெட்டு, இருபத்தாறு, இருபது, பதினேழு. எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு" என்றாள் மோமிலானி. "பதினாலு மட்டும் ரெண்டு."

"பதினாலுல ஒண்ணு ஸ்பேரா, ஆன்ட்டி?"

"இல்ல தம்பி. ஒண்ணு முதல் கம்பி. இன்னொண்ணு அஞ்சாவது."

தொப்பிக் கிழவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். அவர் உதடு மெல்ல அசைந்தது, ஏதோ கணக்குப் போடுகிறவர் மாதிரி. மோமிலானி அதைக் கவனித்தாள். ஆனால் குரலைத் தாழ்த்திப் பேசியிருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வண்டிக்குள் உட்கார்ந்து, கிடாரை மடியில் போட்டுப் பழைய ஐந்தாவது கம்பியைக் கழற்றும்போது போன் அடித்தது.

"ஜன்னல்ல இருந்த கம்பியைக் காணோம்" என்றாள் ஹௌனானி. மூச்சு வாங்கியது. "எடுத்து ஒளிச்சு வைக்கலாம்னு போனேன். அங்க இல்ல. நீதானே எடுத்த?"

"நான் எடுக்கலம்மா."

"பொய் சொல்லாதடீ. அது எதுக்குன்னு இந்த வீட்டுல உன்னையும் என்னையும் தவிர யாருக்குத் தெரியும்?"

"அதை யார் எடுத்தாங்களோ எனக்குத் தெரியாது. நான் எனக்கு வேற வாங்கிட்டேன். ஆறும்."

மறுமுனையில் குழியில் கல் அடுக்குகிற சத்தமும், யாரோ சிரிப்பதும் மட்டும் கேட்டன.

"எங்க வாசிக்கப்போற?" என்று கேட்டாள் ஹௌனானி. இத்தனை வருஷத்தில் மோமிலானி கேட்டே இராத சின்னக் குரல் அது. "மோமி... சொல்லு. எங்க வாசிக்கப்போற?"

மோமிலானி மெல்லிய கம்பியை இரண்டு தடியன்களுக்கு நடுவே கோத்து, முறுக்காணியைத் திருப்பினாள்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைம்மா."